கடலைத் தொடும் நாள்

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
12 ஜூலை 1953

அன்புள்ள சுசீலாவுக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் அம்மாவின் கையில் கொடுத்துவிட்டார்.

"யாருடி இது, மண்டபத்திலேர்ந்து? உன்னோட மூணாம் பாரம் படிச்சாளே, சர்ச்சுக்குப் போற அந்த வேதக்காரப் பொண்ணா? அவ இன்னும் படிக்கிறாளா?" என்று கேட்டாள்.

"படிக்கிறா" என்றேன். மேலே எதுவும் கேட்கவில்லை. நல்லவேளை, பிரிக்கவும் இல்லை.

முகத்தில் ஒரு கண்ணாடியைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் குனிந்தால் எல்லாம் தெரியும், வாயில் ஒரு குழாய் இருந்தால் மூச்சும் விடலாம் என்று எழுதியிருக்கிறாயே, நிஜமாகவா? நீ பொய் சொல்லமாட்டாய். ஆனாலும் சமையலறையில் உட்கார்ந்து படிக்கும்போது நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தது. ஒன்றை எனக்காக எடுத்து வைத்திருப்பதாகவும், இங்கே கோவளத்துப் பாறைகளுக்கு என்னை அழைத்துப் போவதாகவும் எழுதியதை மறுபடி மறுபடி படித்தேன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு என்னை யாரும் எங்கேயும் கூப்பிட்டதில்லை.

ஆனால் ஒரு தடை இருக்கிறது. சிரிக்காதே. எங்கள் வீட்டில் கடலை நினைத்த நாளில் தொடக் கூடாது. அமாவாசை, பௌர்ணமி, கிரகணம் மாதிரியான நாட்களில்தான் தொடலாம். மற்ற நாட்களில் சங்குமுகத்துக்குப் போனால் எட்டி உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவோம். அலை பெரிதாக வந்தால் அம்மாவும் மாமிகளும் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நானும் ஓடுவேன்.

அடுத்த மாதம் ஆடி அமாவாசை வருகிறது. அப்பா தர்ப்பணத்துக்குத் திருவல்லம் போவார். அம்மாவும் போவாள். நானும் போகலாம். அங்கிருந்து கோவளம் பக்கம்தானே? நீ அன்றைக்கு வர முடியுமா?

அப்பாவிடம் கேட்க வேண்டியிருக்காது என்பதுதான் இதில் எனக்குப் பெரிய நிம்மதி. என்னால் கேட்க முடியாது. உனக்குத் தெரியும்.

உன்
நீலாம்பாள்

மண்டபம்
20 ஜூலை 1953

ஏட்டி நீலா,

சிரிக்காதே என்று எழுதினால் நான் சிரிக்காமல் இருப்பேனா? கடலைத் தொடவும் பஞ்சாங்கம் பார்ப்பீர்களா! இங்கே நாங்கள் குளிக்கும்போது கடல் எங்களிடம் எந்த விரோதமும் பாராட்டவில்லை.

சரி, கோபப்படாதே. உன் யோசனையை அப்பாவிடம் சொன்னேன். மீன் ஆராய்ச்சி ஆபீசில் இத்தனை வருஷம் இருந்தும் அவர் இப்படிப் பதறி நான் பார்த்ததில்லை. "ஆடி மாசம் கோவளத்துப் பாறையில எறங்கவா? தண்ணி அரிசி களைஞ்ச கழனி மாதிரி கெடக்கும். ஒண்ணும் தெரியாது. அலை தூக்கிப் பாறையில அடிச்சா அந்தப் பிள்ளைக்க அப்பாகிட்ட நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார்.

ஆகவே ஆடி கிடையாது. தை மாதம் கடல் குளம் போல் இருக்குமாம், அடி வரைக்கும் தெரியுமாம். தையிலும் ஒரு அமாவாசை வருகிறது, பார்த்துவிட்டேன். பிப்ரவரி மூன்றாம் தேதி, புதன்கிழமை. உன்னால் நானும் பஞ்சாங்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

கண்ணாடி எப்படி இருக்கும் என்று கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். ரப்பர் வளையத்தில் பதித்த வட்டக் கண்ணாடி. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும். குழாயின் ஒரு நுனியை வாயில் கவ்வ வேண்டும், மறு நுனி தண்ணீருக்கு மேலே நிற்கும். ஆபீசுக்கு வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது இரண்டு ஜோடி விட்டுவிட்டுப் போனார். ஒன்று எனக்கு, ஒன்று உனக்கு. தீபாவளி சமயத்தில், உங்கள் ஊரில் பாளையத்தில் இருக்கும் என் அத்தை இங்கே வருவாள். அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். பழகிக்கொள்.

உன்
சுசீலா

ஸ்ரீவராகம்
18 நவம்பர் 1953

அன்புள்ள சுசீலாவுக்கு,

உன் அத்தை வந்தார்கள். தையல் சாமான் என்று சொல்லிப் பொட்டலத்தைக் கொடுத்தார்கள். அம்மா காப்பி கொடுத்தாள். இரண்டு பேரும் பொறுப்பாகக் கத்திரிக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய்ப் பொட்டலத்தை ஒளித்து வைத்தேன்.

எங்கள் குளிக்கும் அறையில் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. தினமும் குளிப்பதற்கு முன்னால் அதில் முகத்தை வைத்துப் பழகுகிறேன். முதல் நாள் மூக்கால் மூச்சு விட்டு, தண்ணீரைக் குடித்து, இருமி, ஒரே கூத்து. அம்மா கதவைத் தட்டினாள்.

"உள்ளே என்னடி பண்றே? யாரோ குறட்டை விடறாப்பல இருக்கே!"

"ஜலதோஷம்மா."

"ஜலதோஷத்தோட எதுக்குடி தலைக்குக் குளிக்கறே? வெளியில வா!"

இப்போது நன்றாகப் பழகிவிட்டது. வாயால் மட்டும் மூச்சு விடுகிறேன். தொட்டிக்கு அடியில் என்ன இருக்கும், பாசிதான். ஆனால் அதுவும் கண்ணாடி வழியாகப் பெரிதாகவும் அழகாகவும் தெரிகிறது. போன வருஷம் தொலைந்துபோன அம்மாவின் தோட்டுத் திருகாணி அங்கே கிடந்தது! அதைப் பார்த்தது எப்படி என்று சொல்ல முடியாதே. ஆட்டுக்கல் பக்கத்தில் போட்டுவிட்டு, அம்மா தானே கண்டெடுக்கும் வரை காத்திருந்தேன். அவள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள்.

தை அமாவாசைக்கு அப்பா சங்குமுகம் போனால் என்ன செய்வது? அங்கே பாறையே கிடையாதே. திருவல்லம்தான் போக வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

நீலாம்பாள்

மண்டபம்
10 ஜனவரி 1954

அன்புள்ள நீலா,

வேண்டிக்கொள்வது இருக்கட்டும், வாயைத் திறந்து சொல். "அப்பா, இந்த வருஷம் திருவல்லம் போகலாமா?" ஐந்தே வார்த்தை. உன் அப்பா புலியா? அவர் செக்ரடேரியட்டில் கோப்பு பார்க்கிறவர் என்றுதானே சொன்னாய்?

என் பக்கம் எல்லாம் தயார். அந்த வாரம் எங்களுக்கு மாதிரிப் பரீட்சை. எஸ்.எஸ்.எல்.சி. வருஷத்தில் அதை எழுதாமல் ஊருக்குப் போகிறேன் என்றதும் தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டு, "அப்படி என்ன அவசரம்?" என்று கேட்டார்கள். "சிநேகிதி ஒருத்தியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்றேன். நல்ல திட்டு கிடைத்தது. பரவாயில்லை. மதுரை, செங்கோட்டை வழியாக வந்து முதல் நாளே தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கிவிடுவேன்.

விழிஞ்ஞத்தில் பாறையில் முங்கிச் சிப்பி எடுக்கும் யோசுவாவுக்கு அப்பா எழுதியிருக்கிறார். அப்பா அங்கே வேலையில் இருந்தபோது அவருடைய சின்ன வள்ளத்தில்தான் கடலுக்குப் போவாராம். அன்று காலை அவர் கோவளத்துப் பாறைக்கு உள்பக்கம், அலை அடங்கிய இடத்தில் வள்ளத்தோடு நிற்பார். நானும் அத்தையும் கரையில் தற்செயலாக வந்தவர்கள் போல் நிற்போம். பெண்கள் குளிப்பது தனிப் பக்கம்தானே? உன் அம்மாவிடம் அத்தை மறுபடி கத்திரிக்காய் பேசட்டும். நீ என்னோடு வா. பாவாடையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொள். நீச்சல் தெரியாவிட்டால் என்ன, வள்ளத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் வை. அரை மணி போதும்.

சுசீலா

ஸ்ரீவராகம்
26 ஜனவரி 1954

அன்புள்ள சுசீலாவுக்கு,

நடந்துவிட்டது! நான் கேட்கவில்லை, ஆனாலும் நடந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பாகீரதி மாமி நேற்று அரைத்த மாவு வாங்க வந்தாள். "போன வருஷம் நாங்க திருவல்லத்துல தர்ப்பணம் முடிச்சுட்டு, அப்படியே பஸ் ஏறிக் கோவளத்துல ஸ்நானம் பண்ணினோம். என்ன விசேஷமான ஜலம்கறே! சங்குமுகத்துல கூட்டம் தாங்கலை" என்றாள். அம்மா என்னைப் பார்த்தாள். எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை, "போலாமேம்மா" என்றேன்.

"அட, இவளுக்குக்கூட வாய் இருக்கே!" என்றாள் மாமி.

ராத்திரி அம்மா அப்பாவிடம் சொன்னாள். அவர் "ம்" என்றார். அவ்வளவுதான். ஒரு "ம்"முக்காக இத்தனை மாதம் பயந்தேன்.

எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். கண்ணாடியை மாற்றுப் பாவாடைக்குள் சுருட்டி வைத்திருக்கிறேன். தூக்கம் வரவில்லை. கடலுக்குள் சத்தம் கேட்குமா? குளிருமா? வேண்டாம், சொல்லாதே. நானே பார்க்கிறேன்.

நீலாம்பாள்

பாளையம்
3 பிப்ரவரி 1954, சாயங்காலம்

நீலாம்பாளுக்கு,

நாங்கள் காலை எட்டு மணியிலிருந்து வெயிலில் நின்றோம். உன் அம்மா வந்தார்கள். பாகீரதி மாமியாகத்தான் இருக்க வேண்டும், குண்டாக ஒருவர் கூட வந்தார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் முங்கி எழுந்தார்கள். உன்னைக் காணவில்லை. எங்கே என்று நான் போய்க் கேட்க முடியுமா? தற்செயலாக நிற்கிறவள் அல்லவா நான்!

அத்தை மட்டும் அருகே போய் விசாரித்தாள். "அவளுக்கு இன்னிக்கு வர முடியலை" என்றார்களாம்.

யோசுவா வள்ளத்தில் சாய்ந்துகொண்டு, "கூட்டுக்காரி கடலைக் கண்டு பயந்நு போயாச்சோ பிள்ளே?" என்று கேலி செய்தார். எனக்கு அழுகை வந்தது.

நான் இறங்கினேன். பார்த்தேன். என்ன பார்த்தேன் என்று உனக்கு எழுதப் போவதில்லை. நாளைக் காலை ரயில்.

சுசீலாபாய்

ஸ்ரீவராகம்
5 பிப்ரவரி 1954

அன்புள்ள சுசீலாவுக்கு,

பென்சிலில் எழுதுகிறேன். கொல்லைப்புற அறையில் இருக்கிறேன். நாலாம் நாள் குளித்த பிறகுதான் இதைத் தபாலில் போட முடியும். உனக்குப் புரிந்திருக்கும். மாதத்தில் மூன்று நாள் நாங்கள் ஒதுங்கி உட்கார வேண்டும், யாரையும் தொடக் கூடாது.

புதன்கிழமை விடியற்காலையில்தான் தெரிந்தது. இன்னும் நாலு நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். அம்மா கூடையில் எள்ளும் தர்ப்பையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வாசலில் நின்றார்.

"அம்மா, நான் வரலை."

"ஏண்டி? ராத்திரி பூரா அந்தப் பாவாடையை மடிச்சு மடிச்சு வெச்சிண்டிருந்தியே!"

"கிட்ட வராதேம்மா."

அவளுக்குப் புரிந்துவிட்டது. "ராமா, இன்னிக்குன்னு பார்த்தா! சரி, போய் உட்காரு" என்றாள். மோர் சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். "நீலா வரலையா?" என்று அப்பா கேட்டது காதில் விழுந்தது. அவர் என் பெயரைச் சொல்லிக் கேட்டது ஆச்சரியமாக இருந்தது. பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதை நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் அப்பா அவருடைய அம்மாவுக்காக எள்ளும் தண்ணீரும் விடப் போகிறார். அந்தப் பஸ்ஸில் அவர் பக்கத்தில் நான் எப்படி உட்காருவேன்? ஏதாவது வந்தால் என்னால்தான் என்று ஆகாதா?

யாரும் கேட்காமல் நானாக வாயைத் திறந்து பேசியது என் வாழ்க்கையில் அநேகமாக அந்த "நான் வரலை"தான். அது இதற்காகவா இருக்க வேண்டும்?

உன் பரீட்சை போயிற்று. மன்னிப்பு என்று எழுதினால் போதாது என்று தெரியும்.

நீலாம்பாள்

மண்டபம்
21 மார்ச் 1954

அன்புள்ள நீலா,

இத்தனை நாள் பதில் எழுதாதது கோபத்தால்தான். பாதி பரீட்சையாலும். நேற்றோடு எல்லாம் முடிந்தது. மாதிரிப் பரீட்சை எழுதாததால் உலகம் அழிந்துவிடவில்லை. கணக்கு மட்டும் கொஞ்சம் உதைக்கும்.

உன் கடிதத்தைக் கோபம் ஆறிய பிறகு மறுபடி படித்தேன். ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு போனபோது உனக்கு அழுகை வந்ததா, இல்லை, அப்பாடா என்று இருந்ததா? திட்டுவதற்காகக் கேட்கவில்லை. வள்ளத்தின் விளிம்பில் கால் தொங்கப் போட்டபோது எனக்கே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. அதனால் கேட்கிறேன்.

எழுதமாட்டேன் என்று சொன்னதையும் எழுதிவிடுகிறேன். முகத்தை வைத்ததும் முதலில் சத்தம். கடுகு வெடிப்பது போல, எங்கிருந்து என்று தெரியாமல், நாலா பக்கமும். பாறை முழுக்கச் சிப்பி, கறுப்பாக, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு. தாம்பாளம் போல் தட்டையாக மஞ்சள் மீன்கள். என்னைப் பார்த்து ஓடவில்லை. நின்று பார்த்தன. பக்கத்தில் நீ இருந்தால் கையைக் கிள்ளியிருப்பேன்.

இன்னும் காலம் இருக்கிறது. ஏப்ரல் முழுவதும் எனக்கு விடுமுறை. பங்குனி வரைக்கும் கடல் மோசம் இல்லை என்கிறார் அப்பா. இந்தத் தடவை அமாவாசையும் வேண்டாம், தற்செயலும் வேண்டாம், பாகீரதி மாமியும் வேண்டாம். உன் அப்பாவிடம் நேராகக் கேள். முடியாது என்றால் முடியாது என்று எழுது. நான் கோபித்துக்கொள்ளமாட்டேன். ஆனால் கேட்காமல் எழுதாதே.

உன்
சுசீலா

ஸ்ரீவராகம்
7 ஏப்ரல் 1954

அன்புள்ள சுசீலாவுக்கு,

முதலில் உன் கேள்விக்குப் பதில். அப்பாடா என்றுதான் இருந்தது. அவர்கள் செருப்புச் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் நெஞ்சு லேசானது. அழுகை மத்தியானம்தான் வந்தது. தர்ப்பணத்துக்குத் தோஷம் என்று எழுதினேனே, அதுவும் பொய் இல்லை. ஆனால் அது மட்டும் இல்லை.

இரண்டாவது செய்தியை உனக்கு இன்னும் எழுதவில்லை. மாசிக் கடைசியில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பங்குனி ஆரம்பத்தில் நிச்சயதார்த்தம் ஆயிற்று. பையனுக்கு ஜபல்பூரில் ரயில்வேயில் வேலை. முகம் நல்ல முகமாகத்தான் தெரிந்தது, நான் சரியாக நிமிர்ந்து பார்க்கவில்லை. கல்யாணம் வைகாசியில். ஜபல்பூரிலிருந்து கடலுக்குப் போக எத்தனை நாள் ஆகும் என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஆனாலும் நீ சொன்னாயே என்று அப்பாவிடம் கேட்டேன். ஆமாம், கேட்டேன்! முந்தாநாள் அவர் ஆபீசிலிருந்து வந்து கோட்டைக் கழற்றி மாட்டினார். காப்பியைக் கொடுத்துவிட்டு நான் அங்கேயே நின்றேன்.

"என்ன?" என்றார்.

சொன்னேன். கண்ணாடி, குழாய், யோசுவா, தை அமாவாசை, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். காப்பி ஆறிப்போயிற்று.

"அன்னிக்கு நீ வராதது இதுக்குத்தானா?"

"இல்லேப்பா. அன்னிக்கு வர இருந்ததே இதுக்குத்தான்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "மாசியிலயும் ஒரு அமாவாசை வந்துதே. அப்பவாவது சொல்லப்படாதா? நானே அழைச்சிண்டு போயிருப்பேனே, அசடே."

"விடமாட்டேள்னு..."

"நீ கேட்டு நான் எதையாவது இல்லேன்னு சொல்லியிருக்கேனா?"

யோசித்துப் பார்த்தேன். சொன்னதில்லை. நான் எதையுமே கேட்டதில்லை.

"பள்ளிக்கூடத்தை நிறுத்தலாம்னு உங்கம்மா சொன்னப்பவும் நீ வாயைத் திறக்கலை. உனக்குப் படிப்புப் பிடிக்கலை போலிருக்குன்னு நான் நினைச்சுண்டேன்" என்றார்.

சுசீலா, அப்போது நான் சமையலறைக்கு ஓடிப் போகாமல் நின்றதே பெரிய காரியம்.

ஆறின காப்பியைக் குடித்துவிட்டு, "இப்ப நிச்சயம் ஆயாச்சு. இனிமே அவாளைக் கேக்காம உன்னைக் கடல்ல இறக்கினா, நாளைக்கு ஒரு பேச்சு வந்தா உனக்குத்தான் கஷ்டம்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆகவே, வராதே. உன் கண்ணாடியைப் பாளையத்து அத்தையிடம் சேர்த்துவிடுகிறேன்.

நான் தம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பினேன். "அது சரி, உள்ளே அப்படி என்னதான் இருக்காம்?" என்று கேட்டார். உன் கடிதத்தில் இருந்ததையெல்லாம் சொன்னேன். கடுகு வெடிக்கும் சத்தம் என்றதும், "கடலுக்குள்ளேயா?" என்று கண்ணை அகல விரித்தார். அம்மா வந்து, "என்ன அப்பாவும் பொண்ணும் அரட்டை?" என்று ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுப் போனாள். விளக்கு வைக்கும் வரை பேசிக்கொண்டிருந்தோம். இதற்கு முன்னால் அவரோடு நான் இவ்வளவு நேரம் பேசியதே இல்லை. நேற்றும் பேசினோம். ஆபீசிலிருந்து வந்ததும் அவரே, "எங்கே, உட்காரு" என்றார்.

நேற்று ஒரு கேள்வி கேட்டார். மீன் தூங்கும்போது கண்ணை மூடிக்கொள்ளுமா? எங்கள் வீட்டில் யார் மீனைக் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறோம்? எனக்குத் தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்று சாயங்காலமும் கேட்பார்.

உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் உன் அப்பாவிடம் கேட்டு உடனே எழுது. வைகாசிக்குப் பிறகு எழுதினால் இங்கே அவரிடம் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

உன்
நீலாம்பாள்